முன்பக்கத்திலிருந்து ஒரு ‘டொக்’

மோட்டார் சைக்கிளில் எழும் சத்தங்களில் என்னை அதிகம் எரிச்சலூட்டுவது முன்பக்கத்து ‘டொக்’. என்ஜின் சத்தத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஏறும், விட்டால் இறங்கும். செயின் சத்தம் சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்தே ஓடும். இந்த டொக்குக்கு அப்படி எந்த நியாயமும் கிடையாது. சில பள்ளங்களில் வரும், சிலவற்றில் வராது. தனியாகப் போகும்போது வரும். பின்னால் ஒருவரை உட்காரவைத்து “இதோ கேளுங்கள்” என்றால் வாயை மூடிக்கொள்ளும். மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது சத்தியமாக வராது.

அது காதோடு நிற்பதும் இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் உள்ளங்கையில் ஒரு சின்னத் தட்டு விழும். ஒருமுறை கவனத்தில் பட்டுவிட்டால் தீர்ந்தது. சாலையைப் பார்த்து ஓட்டுகிற பழக்கம் போய், அடுத்த டொக் எப்போது என்று காத்திருந்து ஓட்டுகிற பழக்கம் வந்துவிடும்.

என் பைக்கில் இது தொடங்கியபோது கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புவதற்காக சேசிஸின் கழுத்தில் இருக்கும் பேரிங். வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார்.

“கோன் செட்தான் சார், மாற்றிவிடலாம்.”

“எப்படித் தெரியும் அண்ணா?”

“சத்தம் கேட்கிறதே!”

அவரைக் குறை சொல்லவில்லை. கோன் செட் தேய்ந்த வண்டிகள் அவர் கையில் நிறைய வந்திருக்கும். ஆனால் சத்தம் கேட்கிறது என்பது நோய் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. எந்த நோய் என்பதற்குச் சாட்சி அல்ல. வண்டியின் முன்பக்கத்தை ஒருமுறை மனத்துக்குள் பிரித்துப் பாருங்கள். ஆக்ஸிலில் சக்கரம், ஆக்ஸிலின் இரு முனைகளில் அதிர்வைத் தாங்கும் ஃபோர்க்கின் இரு கால்கள், அந்தக் கால்களைப் பிடித்திருக்கும் கீழ் பிளேட், மேல் பிளேட், இரண்டையும் இணைத்து சேசிஸின் கழுத்துக்குள் நுழையும் தண்டு, அதற்கு மேல் ஹேண்டில்பார். எல்லாம் உலோகம், எல்லாம் ஒன்றோடொன்று இறுக்கமாகக் கோத்தது. இதில் எங்கே ஓர் அடி விழுந்தாலும் அது மேலேறி ஹேண்டில்பாரில்தான் வந்து முடியும். ஓட்டுகிறவருக்கு எல்லாச் சத்தமும் டேங்குக்கு முன்னால், கழுத்துப் பகுதியிலிருந்து வருவதாகவே தோன்றும். கோன் செட் இருப்பதும் அங்கேதான். அதனால் பழி அதன் மேல் விழுகிறது.

எங்கே என்று காதைக் கேட்டுப் பயனில்லை. எப்போது என்று கேட்டால் அது சரியாகவே சொல்லும். பிரேக் பிடிக்கும் நொடியில் ஒரே ஒரு டொக் வந்து, பிறகு பிரேக்கை விட்டு மறுபடி பிடிக்கும்போதும் வருகிறதா? பிரேக்கே தொடாமல் சின்னச் சின்னக் கற்களில், குறைந்த வேகத்தில் கடகடவென்று வருகிறதா? வேகத்தடையில் ஏறும்போது இல்லாமல், இறங்கியதும் சக்கரம் கீழே தொங்கும் அந்த நொடியில் வருகிறதா? பெரிய பள்ளத்தில் தொப்பென்று விழும்போது மட்டும் வருகிறதா? வண்டி நின்றிருக்க, ஹேண்டிலைத் திருப்பினாலே வருகிறதா? இந்த ஐந்துக்கும் விடை கிடைத்தால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே சந்தேகப் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

இதற்கு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத, லேசான இறக்கமுள்ள, மேடு பள்ளமான ஒரு துண்டுச் சாலை போதும். மெதுவாக உருளவிட்டு, ஹேண்டில்பாரில் உள்ள கில் சுவிட்சால் என்ஜினை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சாவியைத் திருகி நிறுத்தாதீர்கள். உருளும் வண்டியில் ஹேண்டில் லாக் விழுந்தால் அப்புறம் சத்தத்தைப் பற்றிக் கவலைப்பட நீங்கள் இருக்க மாட்டீர்கள். என்ஜின் அடங்கியதும் முன்பக்கம் என்னென்ன பேசுகிறது என்பது வியப்பாக இருக்கும். சாவிக்கொத்தின் கனமான வளையம் மேல் பிளேட்டில் மோதும் சத்தத்தை ஃபோர்க் சத்தம் என்று நம்பி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். மட்கார்டு போல்ட் தளர்வு, ஹெட்லைட்டைத் தாங்கும் கம்பியில் விரிசல், ஃபோர்க் காலில் உரசும் ஸ்பீடோமீட்டர் கேபிள் இவையும் அந்த வகையறாதான். கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் பார்த்தே ஆக வேண்டியவை மூன்று. ஆக்ஸில் நட்டும், ஆக்ஸிலைக் காலோடு கவ்விப் பிடிக்கும் சிறிய போல்ட்டும். டிஸ்க்கின் மேல் பிரேக் பேட்களை அழுத்தும் காலிப்பரை ஃபோர்க்கில் பூட்டியிருக்கும் இரண்டு போல்ட்டுகள். மேல், கீழ் பிளேட்டுகளில் ஃபோர்க் குழாயைக் கவ்வும் போல்ட்டுகள். காலிப்பர் போல்ட்டில் ஒன்று கழன்று விழுந்துவிட்டால், மிச்சமிருக்கும் ஒன்றை அச்சாக வைத்து காலிப்பர் சுழன்று சக்கரத்தில் சிக்கக்கூடும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிற பட்டியலில் சேர்க்கக் கூடாத இடம் இது. பிளேட்டில் ஃபோர்க் குழாய் நழுவுகிறதா என்று சந்தேகம் வந்தால், குழாயும் பிளேட்டும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது கோடு பிளேட்டின் விளிம்பை விட்டு விலகியிருந்தால் விடை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவது. டொக் என்றால் கோன் செட் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இந்தச் சோதனையில் எனக்கு நம்பிக்கை குறைவு. பிரேக்கைப் பிடித்து ஆட்டும்போது ஆடக்கூடிய மூட்டு ஒன்றல்ல: கோன் செட் ஆடலாம், ஃபோர்க்கின் உள்குழாய் வெளிக்குழாய்க்குள் ஆடலாம், பேட்கள் காலிப்பருக்குள் நகரலாம், மிதக்கும் வகை டிஸ்க்காக இருந்தால் அதை நடுப்பகுதியோடு இணைக்கும் பொத்தான்கள் அசையலாம், சக்கரத்தின் பேரிங் ஆடலாம். டிரம் பிரேக் வண்டியில் பிரேக் பிளேட்டைச் சுழலவிடாமல் பிடித்திருக்கும் ஃபோர்க் காலின் மேடும் அதற்கான பள்ளமும் தேய்ந்து ஆடலாம். ரப்பர் புஷ் வைத்த ஹேண்டில்பார் என்றால் அந்த ரப்பரே அமுங்கி ஏமாற்றும். ஆட்டத்தைக் கேட்டுவிட்டு மூட்டைச் சொல்ல முடியாது.

இதற்கு நான் செய்வது இரண்டு. ஒன்று, விரல். இன்னொருவரைப் பிரேக் பிடித்து ஆட்டச் சொல்லிவிட்டு, கீழ் பிளேட்டும் சேசிஸின் கழுத்தும் சந்திக்கும் இடுக்கில் ஆள்காட்டி விரலை வையுங்கள்; விரலின் ஒரு பாதி பிளேட்டின் மேல், மறு பாதி கழுத்தின் மேல். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் இடையே மயிரிழை ஆட்டம் இருந்தாலும் நகத்தடியில் உறுத்தும். காதால் பிரித்தறிய முடியாத அளவை விரல் பிரித்தறிந்துவிடும். அதே விரலை, ஃபோர்க்குக்குள் புழுதி புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான டஸ்ட் சீல் மேல், உள்குழாயைத் தொட்டபடி வையுங்கள். பிறகு காலிப்பரின் விளிம்பில் பேட்டின் முதுகைத் தொட்டு வையுங்கள். சத்தம் எழும் அதே கணத்தில் எந்த மூட்டில் விரல் துடிக்கிறதோ, அங்கேதான் வேலை.

இரண்டாவது, சுவர். பிரேக்கைத் தொடாமல் முன் டயரை ஒரு சுவரில் முட்டவைத்து, வண்டியைச் சுவரை நோக்கித் தள்ளித் தள்ளி விடுங்கள். இப்போது சக்கரத்தைத் தடுத்து நிறுத்துவது சுவர். பேட்களுக்கு வேலை இல்லை. பிரேக் பிடித்தால் வந்த டொக் சுவரில் முட்டும்போது வரவில்லை என்றால், கோன் செட்டையும், ஃபோர்க்கின் இரு குழாய்களுக்கு நடுவிலுள்ள புஷ்ஷையும் கிட்டத்தட்ட விடுதலை செய்துவிடலாம். செலவில்லாத சோதனை. ஆனாலும் இதைச் செய்து பார்ப்பவர்கள் அரிது.

என் வண்டியில் கழுத்து இடுக்கில் விரல் அசையவே இல்லை. சுவரில் முட்டினால் சத்தமும் இல்லை. குறைந்த வேகத்தில் கரடுமுரடான இடத்தில் வந்துகொண்டிருந்த சத்தத்துக்கு இன்னொரு சோதனை செய்தேன்: பிரேக் லிவரின் தளர்வு தீரும் அளவுக்கு மட்டும், வேகம் குறையாதபடி லேசாகப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் ஓட்டினேன். சத்தம் நின்றது. விட்டேன், வந்தது. பிடித்தேன், நின்றது. பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டால் அதனால் ஆட முடியாது. ஆட முடியாவிட்டால் சத்தம் போட முடியாது.

காலிப்பரைக் கழற்றிப் பார்த்தபோது கதை முழுவதும் தெரிந்தது. பேட்களின் முதுகை மேலிருந்து அழுத்தி, அவை குதிக்காமல் பார்த்துக்கொள்வதற்கு மெல்லிய எஃகுத் தகடு ஒன்று உள்ளே இருக்க வேண்டும். பேட் ஸ்பிரிங் என்பார்கள். நகத்தால் வளைத்துவிடலாம், அவ்வளவு மெல்லிசு. கடைசியாக பேட் மாற்றியபோது அதைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். அதன் இரு காதுகளும் பேட்டைத் தொடாமல் மேல்நோக்கி நின்றுகொண்டிருந்தன. பேட்களைத் தாங்கும் ‘பின்’ என்கிற கம்பியிலும் பேட் குதித்துக் குதித்து ஒரு சிறிய பள்ளம் விழுந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டு விரலை ஓட்டினால் நகம் சிக்கியது. பின்னையும் தகட்டையும் புதிதாகப் போட்டேன். காலிப்பர் வழுக்கும் பின்களுக்குப் பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைப் பூசினேன். சாதாரண கிரீஸ் அங்கே உதவாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர்கள் ஊதிப்போகும். பேட்களைக் கழற்றி மாட்டிய பிறகு வண்டியை நகர்த்தும் முன் லிவரைப் பலமுறை அழுத்திக் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டும். பின்னுக்குத் தள்ளப்பட்ட பிஸ்டன் முதல் அழுத்தத்தில் பேட்டைத் தொடாது. அந்த முதல் அழுத்தம் ஒரு சந்திப்பில் நிகழக் கூடாது.

கடகட போய்விட்டது. டொக் போகவில்லை.

இப்படி நேரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரே சத்தம் என்று நாம் பெயர் வைத்திருப்பது பல சமயம் இரண்டு சத்தங்களாக இருக்கும். பெரிது சின்னதை மறைத்துக்கொண்டிருக்கும். முதலாவதைச் சரிசெய்த பிறகும் சத்தம் இருந்தால், செய்த வேலை வீண் என்று நினைத்து, கழற்றியதையே மறுபடி கழற்றத் தோன்றும். அப்படிச் செய்யாமல் எப்போது என்ற கேள்வியை முதலிலிருந்து கேட்க வேண்டும். மிச்சமிருந்த டொக்கின் நேரம் வேறாக இருந்தது. பள்ளத்தில் இறங்கும்போது வரவில்லை. வேகத்தடையின் உச்சியைத் தாண்டி முன்சக்கரம் கீழிறங்கும் அந்தக் கணத்தில் வந்தது. இன்னொன்றும் கவனித்தேன்: வண்டியை எடுத்த புதிதில் அமைதி, அரை மணி நேரம் ஓட்டி ஃபோர்க் சூடேறிய பிறகு சத்தம்.

ஃபோர்க்குக்குள் நடப்பது

எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிளில் முதலில் கொடுத்தது பிஎம்டபிள்யூ. 1935இல், ஆர்12, ஆர்17 மாடல்களில். அதற்குப் பிறகு எத்தனையோ நுணுக்கங்கள் வந்துவிட்டன. ஆனாலும் அன்றாடம் ஓடும் பெரும்பாலான பைக்குகளின் ஃபோர்க் இன்னும் எளிமையான பொருள்தான். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், உள்ளே நீண்ட ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய், நடுவில் துளைகள் போட்ட ஒரு தண்டு. இந்தத் தண்டை டாம்பர் ராடு என்கிறார்கள். அது வெளிக்குழாயின் அடியில் ஒரு போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும்; அதன் தலை உள்குழாய்க்குள் இருக்கும். சக்கரம் மேலேறும்போதும் இறங்கும்போதும் எண்ணெய் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். பிதுங்குவதற்கு நேரம் பிடிக்கும். அந்தத் தாமதம்தான் ஃபோர்க்கின் பணிவு.

சக்கரம் கீழே முழுவதும் தொங்கும்போது ஃபோர்க் தன் முழு நீளத்துக்கு விரியும். அங்கே உள்குழாயின் கீழ்முனை டாம்பர் ராடின் தலையில் மோதி நிற்க வேண்டும். உலோகம் உலோகத்தில் மோதாமலிருக்க இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். அதற்கும் முன்பாகவே எண்ணெய் அந்த விரிவை மெதுவாக்கிவிட வேண்டும். எண்ணெய் குறைந்துபோனால், அல்லது பழசாகித் தண்ணீராக இளகிப்போனால், உள்குழாய் தடையின்றி விரிந்து அந்தக் குட்டி ஸ்பிரிங்கை நசுக்கிக்கொண்டு மோதும். அதுதான் நான் கேட்ட டொக். சூடேறிய எண்ணெய் இன்னும் இளகும் என்பதால்தான் அரை மணி நேரத்துக்குப் பிறகு.

எதிர்த்திசையிலும் இப்படியொரு மோதல் உண்டு. பெரிய பள்ளத்தில் ஃபோர்க் முழுவதும் அமுங்கி அடிதட்டுவது. அடிப்பாகத்தில் கூம்பு வடிவத் துண்டு ஒன்று இருக்கும்; உள்குழாயின் முனை அதன் மேல் இறங்கும்போது எண்ணெயைச் சிறைப்படுத்தி, கடைசிச் சில மில்லிமீட்டரைக் கெட்டியாக்கும். எண்ணெய் இல்லாவிட்டால் அங்கேயும் உலோகச் சத்தம்தான். அடிதட்டுகிறதா என்பதைக் காதால் ஊகிக்க வேண்டியதில்லை. உள்குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய கேபிள் டையைக் கட்டி, டஸ்ட் சீலை ஒட்டிக் கீழே தள்ளிவிட்டு ஓட்டுங்கள். ஃபோர்க் அதிகபட்சம் எதுவரை அமுங்கியதோ அந்த இடத்தில் அது நின்றுவிடும். சாதாரணச் சாலையிலேயே அது ஏறக்கூடிய உயரத்தின் உச்சிக்குப் போய்விட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது எண்ணெய் போதவில்லை.

விரியும் மோதலுக்கு இப்படிக் கேபிள் டை வைக்க முடியாது. நிறுத்திய வண்டியில் ஃபோர்க்கை நன்றாக அமுக்கிச் சட்டென்று ஹேண்டில்பாரை மேல்நோக்கி இழுங்கள். மெத்தென்ற ‘தப்’ வந்தால் இயல்பு. ‘டணக்’ என்றால் இயல்பில்லை. ஒவ்வொரு காலின் அடிப்பாகத்திலும் கையை வைத்துக்கொண்டு இன்னொருவரை இழுக்கச் சொன்னால் எந்தக் கால் என்பதும் தெரியும். என்னுடையது இடக்கால். அதன் உள்குழாயில் விரலை ஓட்டியபோது பிசுக்கு ஒட்டியது, பிசுக்கில் புழுதி. ஆயில் சீல் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, காற்றிலும் புழுதியிலும் காய்ந்துகொண்டே இருந்ததால் தரையில் ஒரு துளிகூட விழவில்லை. கசிவு இல்லை என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

காலைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது மேல் மூடி. அதற்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் காத்திருக்கிறது. அலட்சியமாகத் திருகினால் மூடி முகத்துக்கு வரும். மேல் பிளேட்டின் போல்ட்டை மட்டும் தளர்த்தி, கீழ் பிளேட் இன்னும் கவ்விப் பிடித்திருக்கும்போதே மூடியின் முதல் இறுக்கத்தை உடைத்துவிட வேண்டும். காலைத் தனியாகக் கையில் எடுத்த பிறகு அதை எதில் பிடித்து இறுக்குவது என்று தவிப்பதில் அர்த்தமில்லை. அதிலும் பளபளக்கும் உள்குழாயை வைஸில் பிடிக்கும் கைக்கு மன்னிப்பே கிடையாது. ஒரு கீறல் போதும், புதிய ஆயில் சீலும் கசியும்.

கவிழ்த்தபோது வந்த எண்ணெய் கருஞ்சாம்பல் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே அலுமினியத் துகள் வெள்ளியாக மின்னியது. நாற்றம் மூக்கைப் பொத்தவைத்தது. பழைய ஃபோர்க் ஆயிலின் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அளவுக் குவளையில் ஊற்றினால் கையேட்டில் சொன்னதைவிட வெளிப்படையாகவே குறைவு. சிறு பைக்குகளில் ஒரு காலுக்கு 150 முதல் 200 மில்லி லிட்டர்தான் பிடிக்கும் ஃபோர்க்குகள் ஏராளம். அவ்வளவு சின்ன அளவில் 30 மில்லி போவது பெரிய விஷயம்.

பிரித்தது பிரித்தாகிவிட்டது என்று புஷ்களையும் பார்த்தேன். உள்குழாயின் கீழ்முனையில் ஒன்று, வெளிக்குழாயின் மேல்வாயில் ஒன்று. வெண்கல நிறத்தின் மேல் டெஃப்லான் பூச்சு இருக்கும். பூச்சு தேய்ந்து முக்கால் பங்குக்கு மேல் செம்பு தெரிய ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டும் என்பது பல கையேடுகள் சொல்லும் கணக்கு. என்னுடையதில் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் செம்பு. விட்டுவைத்தேன். எல்லா ஃபோர்க்கிலும் புஷ் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். விலை குறைந்த பைக்குகள் சிலவற்றில் வெளிக்குழாயின் அலுமினியத்திலேயே உள்குழாய் நேரடியாக ஓடும். அங்கே தேய்ந்தால் குழாயையே மாற்றுவதைத் தவிர வழி இல்லை. எண்ணெய் மாற்றுவதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத வண்டிகள் அவை.

டாம்பர் ராடை அடியில் பூட்டும் போல்ட்டையும் மறக்கக் கூடாது. அது தளர்ந்தால் ராடே மேலும் கீழும் குதித்து இதே போன்ற டொக் எழும். கூடவே அடியில் செம்பு வாஷர் வழியாக எண்ணெய் ஈரம் கசியும். ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து, கையேட்டில் உள்ள குறைந்தபட்ச நீளத்தோடு ஒப்பிட வேண்டும். குறுகிப்போன ஸ்பிரிங், ஃபோர்க் முழுவதும் விரியும்போது மூடிக்கும் தனக்கும் இடையே வெற்றிடம் விட்டு உள்ளே தனியாக லொடலொடக்கும்.

புது எண்ணெய் ஊற்றும்போது மில்லிக் கணக்கை மட்டும் நம்புவது போதாது. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து வைத்து, எண்ணெயை ஊற்றி, உள்குழாயை மெதுவாக மேலும் கீழும் இழுத்துக் காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை பொறுத்திருந்து, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கிய நிலையில் மேல்விளிம்பிலிருந்து எண்ணெயின் மட்டம் எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். எண்ணெய்க்கு மேலிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். இரு கால்களிலும் மட்டம் ஒன்றாக இல்லாவிட்டால் இரண்டும் வேறு வேறாக வேலை செய்யும். கசிந்தது இடக்கால் மட்டும் என்றாலும் இரண்டிலும் எண்ணெயை மாற்றினேன். அதோடு, எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்க 10டபிள்யூ என்று டப்பாவில் போட்டிருப்பதால் எல்லா நிறுவனத்தின் எண்ணெயும் ஒன்றாகிவிடாது. 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மை எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்பதைப் பார்த்து வாங்குவது நல்லது. ஒரே 10டபிள்யூ பெயரில் தண்ணீரும் தேனுமாக எண்ணெய்கள் விற்கின்றன.

கோன் செட்டின் முறை

இத்தனை சொன்னதால் கோன் செட் எப்போதும் நிரபராதி என்று ஆகிவிடாது. அது குற்றவாளியாக இருக்கும் வண்டிகள் நிறையவே உண்டு. அதைப் பிடிக்க வேண்டிய முறையில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். முன்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். சைலன்சர் குழாயில் முட்டுக் கொடுக்காதீர்கள். முன்னால் உட்கார்ந்து ஃபோர்க் கால்களின் அடிமுனைகளை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ஆட்டம் தெரிந்தால் கோன் செட் தளர்வு. பிறகு ஹேண்டிலை ஒரு விரலால் மெல்ல இடமிருந்து வலம் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதாகத் தோன்றினால், அது தளர்வு அல்ல, தேய்வு. வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நேராகவே ஓடுகிறது. கோன் செட்டுக்குள் இருக்கும் எஃகு உருண்டைகளான பால்கள் அதே இடத்தில் நின்றபடியே அத்தனை அடிகளையும் வாங்குகின்றன. நடுவிலிருந்த கிரீஸ் பிதுங்கி ஓடிவிடுகிறது. ஒவ்வொரு பாலும் தன் தடத்தில் ஒரு குழி தோண்டிக்கொள்கிறது. குழி விழுந்த கோன் செட்டை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. மாற்றத்தான் வேண்டும்.

தளர்வு மட்டும் என்றால் இறுக்கலாம். ஆனால் சத்தம் போகும்வரை இறுக்குவது என்ற பழக்கம் ஆபத்தானது. அளவுக்கு மேல் இறுகிய கோன் செட்டில் வண்டி தானாக நேராகாது. மெதுவாகப் போகும்போது இடமும் வலமும் அலைந்துகொண்டே இருக்கும். ஓட்டுகிறவர் டயர்தான் மோசம் என்று நினைப்பார். கையேடுகள் சொல்லும் முறை பொதுவாக இப்படி இருக்கும்: முதலில் கொஞ்சம் அதிகமாக இறுக்கி, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருப்பிப் பால்களைத் தம் இடத்தில் உட்காரவைத்து, நட்டைத் தளர்த்தி, மறுபடி குறைந்த அளவுக்கு இறுக்குவது. ஃபோர்க்கைக் கவ்வியிருக்கும் மேல் பிளேட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தாமல் இதைச் செய்தால், நட்டின் இறுக்கம் பால்களுக்குப் போகாமல் குழாய்களிலேயே நின்றுவிடும். கடைசியில் தண்டின் மேல் நட்டை இறுக்கும்போது உள்ளே அளவு கொஞ்சம் மாறும் என்பதால் ஆட்டத்தையும் திருப்பத்தையும் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். சில கையேடுகள் ஃபோர்க்கில் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்து, எத்தனை விசையில் ஹேண்டில் திரும்பத் தொடங்க வேண்டும் என்ற கணக்கையே கொடுத்திருக்கும். கைப்பக்குவத்தைவிட அந்தத் தராசை நான் அதிகம் நம்புவேன். புதிய கோன் செட் போட்டால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்த்தாக வேண்டும். வளையங்கள் தம் இடத்தில் முழுவதும் அமர்ந்த பிறகு சிறு தளர்வு வருவது சகஜம்.

என் வண்டியில் பழைய கோன் செட்டே ஓடிக்கொண்டிருக்கிறது. வேகத்தடை டொக் புது சீலோடும் எண்ணெயோடும் நின்றுவிட்டது. வண்டியைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்திவிட்டு, முன்னால் எடுத்து முதல் பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு சின்ன ‘கிளிக்’ இன்னும் வருகிறது. பேட்கள் காலிப்பருக்குள் அரை மில்லிமீட்டர் போல முன்னுக்கு நகர்ந்து உட்காரும் சத்தம் அது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் விரியும் பேட் காலிப்பருக்குள் சிக்கிக்கொண்டு டிஸ்க்கை விடாது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.